கடற்கரை வீட்டில் பூசணம்: எந்த இடத்தில் பூத்தால் எதைப் பார்ப்பது

ஐப்பசி மழை ஒரு வாரம் பெய்துவிட்டால் போதும், ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "சுவரெல்லாம் கறுப்பாப் பூத்துப்போச்சு, எந்தப் பெயின்ட் அடிச்சா நிக்கும்?" ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காத வரை எந்தப் பெயின்டும் நிற்காது. தீபாவளிக்குப் பெயின்ட் அடித்து, தை பிறப்பதற்குள் மறுபடி கறுத்துப்போய், அடுத்த வருஷம் அதைவிட விலை கூடியதை வாங்கி அடிக்கிற வீடுகளைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பல வீடுகளில் மொட்டை மாடித் தண்ணீர் போகிற துவாரத்தைச் சுத்தம் செய்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

அதனால் பூசணம் பூத்திருக்கிற இடத்தை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எங்கே, எந்த உருவத்தில் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிக்கிறதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## முதலில் இது பூசணம்தானா?

சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு, அதற்குப் பூசண மருந்து எதுவும் வேலை செய்யாது, நேராக "தரையிலிருந்து ஏறும் ஓதம்" (சுவரில் ஊறும் ஈரம்) பகுதிக்குப் போங்கள். கரையாமல் பஞ்சுபோல நசுங்கினால் பூசணம்.

கறுப்பாக இருந்தால் பிளீச் திரவத்தில் ஒரு சொட்டு. ஓரிரு நிமிஷத்தில் நிறம் வெளுத்தால் பூசணம், அப்படியே இருந்தால் அடுப்புப் புகையோ அழுக்கோ. வெளிச்சுவரில் பச்சையாக வழுக்குவது பாசி. பாசி உள்ளே வராது, ஆனால் அந்த இடத்தில் சுவர் காயவே இல்லை என்று அது சொல்கிறது, அதற்கு நேர் உள்பக்கத்தையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

பூசணம்தான் என்று தெரிந்ததும் இன்னொரு சோதனை, இதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம். ஒரு அடி சதுரத்துக்குக் கெட்டி பிளாஸ்டிக் தாளையோ அலுமினியத் தாளையோ எடுத்து, ஈரமான இடத்துக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, இதைத் தெரிந்துகொள்ளாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் தேவையில்லாமல் பூச்சை உடைக்க வேண்டியிருக்கும்.

## சீலிங்கில் வட்டமாகக் கறை, அதன்மேல் கறுப்பு

ஓரம் பழுப்பாகக் கோடு கட்டிய வட்டம் என்றால் மேலேயிருந்து தண்ணீர் இறங்குகிறது. மாடிக்கு ஏறுங்கள், மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறினால் இன்னும் நல்லது.

தண்ணீர் எங்காவது தேங்கி நிற்கிறதா? முதல் சந்தேகம் மழைநீர்க் குழாயின் வாயில். வேப்பிலைச் சருகு, காக்கா கூட்டுக் குச்சி, காற்றில் வந்த மணல் இதெல்லாம் அங்கேதான் அடையும். கையால் அள்ளிப் போட்டாலே தீர்ந்தது, காசு செலவே இல்லை. குழாய் சுத்தமாக இருந்தும் நடுவில் தேங்கினால் தளத்தின் வாட்டம் (தண்ணீர் ஓடுகிற சரிவு) போய்விட்டது என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் கொத்தனார் வாட்டம் பிடித்துத் தரலாம்.

தண்ணீர் தேங்கவில்லையென்றால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையைச் சுற்றிவர நடந்து பாருங்கள். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையிலும், குழாய்க்காகத் துளை போட்ட இடத்திலும், டிஷ் ஆன்டெனாவுக்குப் போல்ட் அடித்த இடத்திலும்தான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளிப் போட்டுப் பயனில்லை, வேர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அந்த இடத்தை உடைத்து வேரோடு எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். விரிசல் சின்னதாக இருந்தால் விரிசல் அடைக்கிற பேஸ்டும் மேலே இரண்டு கோட் வாட்டர் ப்ரூஃப் பூச்சும் போதும். தட்டோடு பெயர்ந்து, நடந்தால் அடியில் காலியாகச் சத்தம் கேட்டால் சுருக்கித் தளத்தையே (மாடியில் செங்கல்தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்ட மேல்தளம்) எடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும், அது பெரிய செலவு.

எங்கே ஒழுகுகிறது என்று எவ்வளவு பார்த்தும் தெரியாவிட்டால், மழையில்லாத மாதத்தில் துவாரங்களை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே பார்ப்பார்கள். ஆனால் பின்வருவது உங்கள் வீட்டில் இருந்தால் தண்ணீர் கட்டவே கூடாது.

நேர்கோடாகத் துருக்கறை, கோட்டை ஒட்டி விரிசல், சிமென்ட் பொருக்கு விழுகிறது: இங்கே பூசணம் சின்ன விஷயம், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறது. கிணற்று உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளிலும், கழுவாத கடல்மணல் கலந்த வீடுகளிலும் இது வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிறது, கடலோரத்தில் பல கிணறுகள் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். கட்டில், தொட்டில் எதுவும் அந்த இடத்துக்குக் கீழே இருந்தால் இன்றைக்கே நகர்த்திப் போடுங்கள், பிறகு கட்டட இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். மேலாகச் சிமென்ட் அப்பி மூடித்தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம், மூடினால் துரு நிற்காது, ஆபத்து மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

## தரையிலிருந்து ஏறும் ஓதம்: மூன்றடி உயரத்துக்குள் பொரிந்து விழுகிறது

இந்தக் கரையில் அதிகமாக ஏமாற்றுகிற பிரச்சினை இது. பெயின்ட் கொப்புளம் கட்டி, தட்டினால் மாவாக உதிர்ந்து, மேல் ஓரத்தில் அலை அலையாக ஒரு கோடு இருக்கும், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள். மண்ணிலிருந்து தண்ணீர் செங்கல் வழியாக ஏறும்போது உப்பையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் தண்ணீரைத் தானே இழுத்துக் கரையும். அதனால்தான் மழையே பெய்யாத நாளில்கூட, கடல்காற்று கனமாக வீசினால் அந்தச் சுவர் மட்டும் வியர்த்து நிற்கிறது. வீட்டுக்காரர் குழாய் உடைந்துவிட்டது என்று தரையைத் தோண்டச் சொல்வார், தோண்ட வேண்டியதில்லை.

என்ன பார்க்க வேண்டும்:

வெளியே சுவரை ஒட்டி மண் மேடாகிவிட்டதா? தெரு ரோடு போடப் போட உயர்ந்து, வீட்டைச் சுற்றியுள்ள மண் பேஸ்மென்ட் மட்டத்துக்கே வந்துவிட்ட வீடுகள் நிறைய. மண்ணை வெட்டி, வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடியாவது கீழே இறக்குங்கள். சுவரை ஒட்டிப் பூந்தொட்டி, துவைக்கிற கல், சாம்பல் குவியல் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு நாள் கூலியோடு சரி.

சன்ஷேடிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுவரடியில் விழுந்து தெறிக்கிறதா? வெளியே இரண்டடி அகலத்துக்கு வாட்டமாகச் சிமென்ட் தளம் போட்டுவிடுங்கள்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் ஓதம் ஏறுகிறதென்றால், பேஸ்மென்ட்டுக்கு மேலே ஓதம் தடுக்கும் பெல்ட் போடவில்லை, அல்லது போட்டது விட்டுப்போய்விட்டது. அப்போது ஈரக்கோட்டுக்கு மேலே ஒரு அடி வரைக்கும் பூச்சைச் செங்கல் தெரிய உதிர்த்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து அள்ளி (தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும்), சில வாரமாவது காயவிட்டு, பிறகுதான் பூச வேண்டும். காயவிடுவதற்கு யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, அந்தப் பொறுமைதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. பூசுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும், குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கினாலும் பரவாயில்லை. சுவரில் வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றி ஓதத்தை நிறுத்துகிற முறையும் உண்டு, அது பழகிய ஆட்கள் செய்கிற வேலை, வீடு முழுக்க ஓதம் ஏறியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

உள்பக்கம் டைல்ஸ் ஒட்டியோ எண்ணெய் பெயின்ட் அடித்தோ மறைக்க வேண்டாம். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், அடுத்த வருஷம் அதே கோடு டைல்ஸுக்கு மேலே நிற்கும்.

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கம் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடு உங்களுடையது என்றால் ஒரு வேண்டுகோள். அந்தச் சுவர்மேல் சிமென்ட் பூச்சு வேண்டாம், பட்டியும் (வால் புட்டி) பிளாஸ்டிக் பெயின்டும் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் லேசில் பிடிக்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதையே நீற்றி அடியுங்கள். தலைமுறை தாண்டி நின்ற சுவர்களைச் சிமென்ட் பூசிச் சில வருஷத்திலேயே பொரிய வைத்துவிடுகிறார்கள், பார்க்கப் பொறுக்கவில்லை.

## சித்திரை வெயிலிலும் ஒரு இடம் மட்டும் காயவில்லை

மழை, கடல்காற்று இரண்டும் காரணமில்லை, குழாயைப் பாருங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் உள்குழாய் கசிகிறது, பிளம்பர் வேலை. இறங்கவில்லையென்றால் கழிவுக் குழாயாகவோ, பக்கத்துப் பாத்ரூமின் தரை டைல்ஸ் இடுக்காகவோ இருக்கலாம். பாத்ரூமை இரண்டு நாள் உபயோகிக்காமல் விட்டு ஈரம் குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஈரத்துக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் இந்தச் சோதனை எல்லாம் அப்புறம், முதலில் அந்த லைனை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறை மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் புள்ளி புள்ளியாக

வட்டக்கறையோ கோடோ இல்லாமல், தூவிவிட்டதுபோலப் புள்ளிகள். பிளாஸ்டிக் தாள் சோதனையில் அறைப்பக்கம் வியர்த்திருக்கும். காற்று ஓடாத இடத்தில் ஈரக்காற்று தங்கிவிடுவதுதான் காரணம். பீரோ, கட்டில் தலைப்பலகை, புத்தக அலமாரி எல்லாவற்றையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மழைநாளில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்கச் சுவருக்குத்தான் போகும். வேறு வழியில்லாத வீட்டில் ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஜன்னலை மட்டும் திறந்துவையுங்கள்.

ஜன்னலைத் திறந்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள், நம் ஊரில் அது பாதிதான் உண்மை. மழைக்காலத்தில் ராத்திரியும் விடிகாலையும் வாடைக்காற்றில் வருவது நனைந்த காற்று, அதை உள்ளே விட்டால் சுவர் இன்னும் நனையும். வெயில் ஏறியபின் பத்து, பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பொழுது சாயச் சாத்திவிடுங்கள். ஈரப்பதம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் பூசணம் வளராது. இங்கே கார்த்திகையில் அது நடக்கிற காரியமில்லை, ஆனால் நாள் முழுக்க 75க்கு மேலேயே நிற்கவிடாமல் பகலில் சில மணி நேரமாவது இறக்கிவிட்டால் வித்தியாசம் தெரியும்.

## பீரோவுக்குள் துணி வாடை, பட்டுச்சேலையில் புள்ளி

பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது எடுக்காது. கைக்குழந்தைத் துணியோடு அதை வைக்கவே வேண்டாம், ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

துணி முழுக்கக் காய்ந்ததா என்பதே முதல் கேள்வி. இஸ்திரி போட்ட சூட்டோடு மடித்து அடுக்கினாலும் அந்த ஆவி உள்ளே தங்கும், ஆறவிட்டு வையுங்கள். அடுத்து, கடையில் விற்கிற கால்சியம் குளோரைடு டப்பா, இது நன்றாகத் தண்ணீரை இழுக்கும், ஆனால் சேர்ந்த நீர் துணியில் கொட்டினால் கறைபடும், கீழ்த்தட்டில் நேராக வையுங்கள், குழந்தை கைக்கு எட்டாமல். கல்யாண ஆல்பம், பத்திரம் இதற்கெல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல். பிளைவுட் அலமாரியின் பின்பலகை ஊதி விட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்தப் பலகையை மாற்றுங்கள். இலவம்பஞ்சு மெத்தையில் பூசணம் மேல் உறையோடு நின்றிருந்தால் உறையைக் கழற்றித் துவைத்து நல்ல வெயிலில் காயவைக்கலாம், பஞ்சுக்குள்ளேயே வாடை இருந்தால் பஞ்சை மாற்ற வேண்டியதுதான்.

## ஏசி போட்டால் மக்கல் வாடை

ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். வாடை போகவில்லையா, தண்ணீர் போகிற குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் டார்ச் அடித்துக் காற்று வருகிற வாய்க்குள் பார்க்க வேண்டும், உருளையில் கறுப்பாகப் படிந்திருந்தால் மெக்கானிக் கழற்றித்தான் கழுவ வேண்டும், வாசனை ஸ்ப்ரே அடித்து மூடக் கூடாது.

18 டிகிரியில் வைத்துத் தூங்குகிற வீடுகளில் பக்கத்து அறைச் சுவரில் பூசணம் பிடிக்கும், குளிர்ந்த சுவரில் அந்தப் பக்கத்து ஈரக்காற்று படிவதால். 25, 26க்கு ஏற்றுங்கள். காலையில் ஏசியை அணைத்த கையோடு ஜன்னலைத் திறக்க வேண்டாம், சுவர் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம்.

## பாத்ரூம்

குளித்தவுடன் தண்ணீர் தள்ளுகிற வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைக் கால் மணி நேரம் ஓடவிட்டாலே பெரும்பகுதி தீரும். டைல்ஸ் இடுக்கில் கறுப்பு தேய்த்தும் போகாவிட்டால் பழைய சாந்தைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பசைச் சாந்து) போடலாம்.

## மிளகாய் வத்தலிலும் கருவாட்டிலும்

வருஷத்துக்கு வேண்டிய முண்டு மிளகாயை மாசி, பங்குனியில் வாங்கி வைக்கிற வீடு நம்முடையது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. குலுக்கினால் விதை உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் இன்னும் வெயில் வேண்டும். சாக்கோடு தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரில் படாமல். காம்படியிலோ உள்ளேயோ பூசணம் கண்டால் அந்த மிளகாயைத் தூக்கிப் போடுங்கள். துடைத்தோ வறுத்தோ உபயோகிக்க வேண்டாம், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சமையல் சூட்டில் போகாது, ஈரலைக் கெடுக்கும். நிலக்கடலைக்கும் கொப்பரைக்கும் இதே பேச்சுத்தான்.

கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுப்பது உப்பிலேயே வாழ்கிற பாக்டீரியா, பழுப்புப் புள்ளி தூவியதுபோல இருப்பது பூசணம். இரண்டையும் தூரப் போடுங்கள், விலையைப் பார்க்க வேண்டாம்.

## துடைக்கும் முறை, அதில் ஆபத்தான இடம்

மாஸ்க் என்95, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பரவும். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு பீரோவுக்குச் சோப்புத்தூள் தண்ணீரே போதும். பெயின்ட் அடித்த சுவருக்குச் சோப்புத் தண்ணீரில் துடைத்தபின் ஒரு பங்கு பிளீச்சுக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். உப்புப் பூத்த சுவரில் பிளீச் வேண்டாம், அது காய்ந்தாலும் உப்பைத்தான் விட்டுப்போகும். சுண்ணாம்புச் சுவரில் வினிகர் வேண்டாம், சுண்ணாம்பை அரித்துவிடும்.

பிளீச்சோடு கக்கூஸ் கழுவும் ஆசிட், வினிகர், அம்மோனியா எதையும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். பாத்ரூம் மாதிரி சின்ன இடத்தில் அந்தப் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. கலந்துவிட்டால் எதையும் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்து கதவைத் திறந்துவிடுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடிக்கு மேல் பரவியிருந்தாலோ, கழிவுத் தண்ணீரில் நனைந்த சுவராக இருந்தாலோ, நீங்களே செய்ய வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், கைக்குழந்தை இருந்தால் சின்ன இடமானாலும் அவர்களை வேறு அறைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ அனுப்பிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வீட்டிலிருந்தால் இளைப்பு, வெளியூர் போனால் இல்லை என்று யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் அதையே அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

## எந்த மாதத்தில் எந்த வேலை

பூச்சு உடைக்கிற, காயவிடுகிற வேலை பங்குனியிலிருந்து ஆடிக்குள். ஆடிக்காற்று சுவரை நன்றாகக் காயவைக்கும். பெயின்ட் ஆவணியில் முடிந்துவிட வேண்டும், புரட்டாசி கடைசியில் மாடியைப் பெருக்கி மழைநீர்க் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். நனைந்த எதையும் ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்துவிட்டால் பூசணம் பிடிக்க நேரமிருக்காது. புயல் மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்ட வீட்டில், தரையை வாருவதற்கு முன்னால் நனைந்த மெத்தையையும் பாயையும் துணிமூட்டையையும் வெளியே எடுங்கள்.